நேற்று நடந்தது நாளைக்குப் போதாது: மரபணுவரை எட்டும் உடற்பயிற்சியைத் தொடங்கும் முறை

“எங்கள் பரம்பரையே சர்க்கரைப் பரம்பரை, நடந்து என்ன ஆகப்போகிறது?” என்ற கேள்வி பல வீடுகளில் கேட்கிறது. அப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. நாற்பதை ஒட்டிய வயது, நாள் முழுக்க நாற்காலி வேலை, இதுவரை முறையாகப் பயிற்சி செய்ததில்லை என்றால் இதிலிருக்கும் 12 வாரத் திட்டத்தை அப்படியே பின்பற்றலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அப்பா அம்மாவிடமிருந்து வந்த டிஎன்ஏவின் எழுத்து வரிசையை எந்த உடற்பயிற்சியும் மாற்றாது. அந்த வரிசையில் எந்தப் பகுதி எப்போது, எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதுதான் மாறும். தொடைத் தசைச் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்த மரபணுக்கள் படிக்கப்படுகின்றன என்பதை வைத்துத்தான் ஒன்று தசையாகிறது, மற்றது கல்லீரலாகிறது. இதற்கு மரபணு வெளிப்பாடு என்று பெயர். உடற்பயிற்சி கைவைப்பது இங்கேதான்.

தசைக்குள் அந்த 24 மணி நேரம்

வேகமாக நடக்கும்போது தொடைத் தசை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. எரிபொருளான ஏடிபி செலவாகி, அதன் எச்சமான ஏஎம்பி கூடுகிறது. ஏஎம்பி கூடியதும் ஏஎம்பிகே என்ற நொதி வேலையைத் தொடங்குகிறது. கால்சியமும் இந்த நொதியும் சேர்ந்து பிஜிசி-1 ஆல்ஃபா என்ற மரபணுவைப் படிக்க வைக்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாகக் கட்டுவதற்கான உத்தரவு அங்கிருந்து போகிறது. மைட்டோகாண்ட்ரியா கூடினால் அதே தசை கொழுப்பையும் சர்க்கரையையும் கூடுதலாக எரிக்கும்.

அந்த உத்தரவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிஜிசி-1 ஆல்ஃபாவைப் படித்து எடுக்கும் ஆர்என்ஏ நகல்கள் பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் பல மடங்கு ஏறும். ஏறக்குறைய ஒரு நாளுக்குள் பழைய அளவுக்கே இறங்கிவிடும். அந்த நகல்களைப் பார்த்துச் செய்த புரதங்கள் மட்டும் இன்னும் சில நாள் தாங்கும். அவை தேய்வதற்குள் அடுத்த பயிற்சி வந்தால் சேமிப்பு ஏறும். பத்து நாள் கழித்து வந்தால் கிட்டத்தட்ட முதலிலிருந்துதான்.

சர்க்கரைக் கணக்கும் இதே போலத்தான். சுருங்கும் தசை இன்சுலினின் தயவில்லாமலே குளுட்-4 என்ற புரதத்தைச் செல்லின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்குத் தசை நன்றாகச் செவிசாய்க்கும். பிறகு அதுவும் மங்கிவிடும்.

இந்தத் திட்டத்தின் ஒரே கட்டாய விதி இதிலிருந்து வந்ததுதான்: தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. மழை, கல்யாணம், இரவுப்பணி என்று ஒரு நாள் போகலாம். மறுநாள் பத்து நிமிடமாவது செய்தே ஆக வேண்டும்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2012இல் வெளியான ஆய்வு, பயிற்சி மரபணுவைத் தொடும் விதத்தை நெருங்கிப் பார்த்தது. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞர்களை ஒரே ஒரு முறை சைக்கிள் மிதிக்க வைத்து, தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். பிஜிசி-1 ஆல்ஃபா உள்ளிட்ட சில மரபணுக்களின் முகப்பில் ஒட்டியிருந்த மெத்தில் குறிகள் குறைந்திருந்தன. இந்தக் குறிகள் பொதுவாக மரபணுவைப் படிக்கவிடாமல் மூடிவைப்பவை. பயிற்சி கடுமையாக இருந்தபோது அவை கூடுதலாகக் குறைந்தன. அதே நிறுவனத்தின் 2014 ஆய்வு இன்னும் அழகானது. 23 பேருக்கு மூன்று மாதம், வாரம் 4 முறை, 45 நிமிடம், ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை. ஆனால் பயிற்சி பெற்ற காலின் தசையில் ஆயிரக்கணக்கான இடங்களில் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. சும்மா இருந்த கால் அப்படி மாறவில்லை.

பரம்பரை பற்றிய கேள்விக்கும் நேரடியான பதில் உண்டு. உடல் பருமனோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணு 2007இல் அடையாளம் காணப்பட்டது. சுமார் 2,18,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவால் கூடும் பருமன் வாய்ப்பு 27 சதவீதம் குறைந்திருந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவைச் சீராக்கி, தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நடையின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று அதில் பிரிக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

தொடங்கும் முன்: யார் மருத்துவரைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும்

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், ஏற்கெனவே இதயநோய், சிறுநீரக நோய், பல வருடச் சர்க்கரை, கர்ப்பம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். மற்றவர்கள் மெதுநடையை இன்றே தொடங்கலாம்.

ஒரு நோட்டில் ஐந்து எண்களைக் குறித்துவையுங்கள். அவை இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து என்ன மாறியது என்றே தெரியாது.

இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்ததும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பேண்ட் கட்டும் இடமும் இதுவல்ல. நம்மவர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை. கைகால் ஒல்லியாக இருந்தும் வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது தெற்காசிய உடல்வாகு. அதனால் எடையைவிட இந்த அளவு பொருள் உள்ளது.

ஓய்வுநிலை நாடித்துடிப்பு: காலை எழுந்ததும், காப்பிக்கு முன், மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். கட்டைவிரலால் தொட்டால் அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள்.

மூன்றாவது, 30 விநாடியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்பது. நான்காவது ரத்த அழுத்தம். ஐந்தாவது ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை.

எவ்வளவு வேகம்?

பயிற்சியில் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதைவிட நல்ல கருவி புதியவருக்கு இல்லை. எண்ணிக்கை வேண்டும் என்பவர்கள் 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணட்டும். 25 வந்தால் நிமிடத்துக்கு 100 அடி. மிதமான பயிற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாடிக் கணக்கில், 220இல் வயதைக் கழித்துக் கிடைப்பதில் 60 முதல் 70 சதவீதம். 45 வயதென்றால் நிமிடத்துக்கு 105 முதல் 122 வரை. இந்தச் சூத்திரம் தோராயமானதுதான். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. மாத்திரை நாடியை ஏறவிடாது. எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறிப் போய்விடுவீர்கள். பேச்சுச் சோதனையே போதும்.

முதல் எட்டு வாரம்: நடை

முதல் 2 வாரங்கள் மூன்று வேளையும் சாப்பிட்டு எழுந்து சிறிது நேரத்தில் 10 நிமிடம் நடங்கள். மெதுவாகப் போதும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் தசை அதை இழுத்துக்கொள்கிறது என்பதால் இந்த நேரத்துக்கு மதிப்பு கூடுதல். மொட்டை மாடி, நடைபாதை, வீட்டுக்கூடம் எதுவானாலும் சரி.

3, 4ஆம் வாரங்களில் ஒரு நடையை 20 நிமிடமாக்கி, அதை மட்டும் பேச்சுச் சோதனை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரம் 5 நாள். இரவு உணவுக்குப் பின் 10 நிமிடத்தை விடாதீர்கள். 5 முதல் 8 வாரம் வரை அந்த நடை 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் அதோடு நிறைவேறுகிறது.

கூட்டும் வரிசை முக்கியம்: முதலில் நேரம், அடுத்து வேகம், கடைசியில் மேடு. ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டினால்தான் கெண்டைக்காலும் குதிகாலும் தகராறு செய்கின்றன. மூச்சு மூன்று வாரத்தில் பழகிவிடும். தசைநாண் பழக மாதங்கள் ஆகும். “இன்னும் தெம்பு இருக்கிறதே” என்று தோன்றும் மூன்றாவது வாரத்தில்தான் அதிகம் பேர் காலை நோகடித்துக்கொள்கிறார்கள்.

மார்ச் முதல் ஜூன் வரை வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். காய்ச்சல் நாளில் பயிற்சி வேண்டாம்; இரண்டு நாள் விதி அப்போது பொருந்தாது.

மூன்றாவது வாரம் முதல்: தசைக்கான பயிற்சி

நடை மட்டும் போதாது. குளுக்கோஸைக் கொட்டிவைக்கும் பெரிய கிடங்கு தசைதான். முப்பதைத் தாண்டினால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. எடையை எதிர்த்துத் தசை வேலை செய்யும்போது எம்டோர் என்ற வேறொரு பாதை திறந்து, அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குப் புரதம் கட்டும் வேலை கூடுதலாக நடக்கிறது. அதனால் வாரம் இரு நாள், நடுவில் இடைவெளி விட்டு – செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே முதல் பயிற்சி. இதைச் சரியாகக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிது. கைப்பிடி இல்லாத, வழுக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், முட்டிக்குச் சற்று உள்ளே தள்ளி, முழுப் பாதமும் தரையில். மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை உடலை முன்னே சாய்த்து, குதிகாலால் தரையை அழுத்தி எழுங்கள். எழும்போது மூச்சை விடுங்கள். இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். “தொப்”பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண், ஏனென்றால் மெதுவாக இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. முட்டிகள் உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால் முட்டி வலி வரும். கால் இரண்டாம் விரலின் நேரே முட்டி போகும்படி விரித்துப் பிடியுங்கள். எழவே கஷ்டமாக இருந்தால் இருக்கையில் கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

இதோடு நான்கு சேர்த்தால் உடல் முழுவதும் அடங்கிவிடும்: சுவரில் கைவைத்துத் தண்டால், புத்தகம் நிரப்பிய பையை ஒரு கையால் இடுப்புக்கு இழுப்பது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. இன்னும் இரண்டு மூன்று செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் 12 எளிதாக வந்தால் மட்டும் எடையைக் கூட்டுங்கள். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டால் 2 கிலோ ஆயிற்று. எடுத்ததையே மாதக்கணக்கில் செய்தால் தசைக்குப் புதிதாகச் செய்தி எதுவும் போகாது. மூச்சை அடக்கித் தூக்குவது ரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றும். அதைப் பழகவே வேண்டாம்.

உத்தரவு போனாலும் செங்கல் வேண்டுமே. பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம் நல்ல இலக்கு. 60 கிலோ என்றால் 72 கிராம். நம் சாப்பாட்டில் அது தானாக வராது. மூன்று இட்லியில் 6 கிராம் அளவுதான், ஒரு முட்டையிலும் அவ்வளவே, ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அதேதான். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 முதல் 9 கிராம். காலை இட்லியோடு இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் என்று வேளைக்கு வேளை பிரித்துச் சேருங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

9 முதல் 12 வாரம்: வேகத்தைக் கூட்டுதல்

எட்டு வாரம் வலியில்லாமல் முடிந்தால், வாரம் இரு நாள் மட்டும் அரை மணி நடையை இப்படி மாற்றுங்கள்: 6 நிமிடம் மெதுநடை, பிறகு 1 நிமிடம் பேச முடியாத வேகம், 2 நிமிடம் சாதாரண நடை, இதை 6 முறை, கடைசி 6 நிமிடம் மெதுநடை. மொத்தம் 30 நிமிடம். இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கட்டத்துக்குப் போக வேண்டாம்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள்

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்கு நடையில் சர்க்கரை தாழலாம். பயிற்சிக்கு முன் 90 மி.கி.க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 தேக்கரண்டி அளவு எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதைகள் இருக்கின்றன. வெறுங்காலோடு நடந்தால் நல்லது என்று பக்கத்தில் நடப்பவர் சொல்வார். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ள சர்க்கரை நோயாளி அதில் கால் வைக்கவே கூடாது. கல் குத்தியது தெரியாது, புண் ஆனதும் தெரியாது; கால் விரலை இழக்கும் கதை அப்படித்தான் தொடங்குகிறது. காலுறையும் விரல் நுழைய இடமுள்ள ஷூவும் அணியுங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணின் விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு முற்றியிருந்தால் பளு தூக்கும் முன் கண் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

எங்கே தவறுகிறது

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூன்றாம் நாள் குறையும். மூட்டில் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம் இவை இயல்பல்ல. முதல் நாளே நூறு தோப்புக்கரணம் போட்டுவிட்டு, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்.

எடை குறையவில்லை என்று பாதியில் விடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. அரை மணி வேகநடையில் செலவாவது தோராயமாக 120 முதல் 150 கலோரி. வழியில் ஒரு டீயும் ஒரு வடையும் அதை நிரப்பிவிடும். ஆனால் மேலே சொன்ன மரபணு வேலை எடை முள்ளைக் கேட்டு நடப்பதில்லை. எடை அசையாமலே இன்சுலினுக்குத் தசை செவிசாய்ப்பது கூடலாம், வயிற்றுக் கொழுப்பு குறையலாம். அதற்குத்தான் இடுப்பை அளக்கச் சொன்னோம்.

பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில் எல்லாரும் ஒரே மாதிரி 20 வாரம் சைக்கிள் மிதித்தார்கள். ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் சராசரியாக நிமிடத்துக்கு 400 மி.லி. கூடியது. சிலருக்கு ஏறவே இல்லை. சிலருக்கு ஒரு லிட்டர் ஏறியது. வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் பரம்பரை. மூச்சுத்திறன் மெதுவாக ஏறுபவருக்கும் சர்க்கரையிலோ ரத்த அழுத்தத்திலோ பலன் வரலாம் என்பதால் ஐந்து எண்களையும் சேர்த்தே பாருங்கள்.

எந்தப் பயிற்சி உங்களுக்கு ஏற்றது என்று எச்சிலில் மரபணுச் சோதனை செய்து சொல்வதாக விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் ஏசிடிஎன்3 என்ற மரபணு இருக்கும். வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் ஒரு புரதம் உண்டா இல்லையா என்பதை அது சொல்லும். புதிதாக நடக்கத் தொடங்குபவர் எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கலாம்.

இடைவெளி விழுந்துவிட்டால்? அமெரிக்காவின் டல்லாஸில் 1966இல் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களின் ஆக்சிஜன் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், ஆறு மாதம் பயிற்றுவித்தபோது இருபது வயதில் தொடங்கிய அளவுக்கே மீண்டு வந்தார்கள். எனவே இரண்டு வாரம் விட்டுப்போனால் முன்பு செய்ததில் பாதி நேரத்திலிருந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வாருங்கள். விட்ட நாளுக்கு ஈடாக ஒரே நாளில் இரண்டு மணி நேரம் நடப்பது காலைத்தான் கெடுக்கும்.

பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும்

ஐந்து எண்களையும் மறுபடி எடுங்கள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது; ஆறாவது வாரத்தில் அவசரப்பட்டுப் பார்த்தால் பழைய நாட்களும் அதில் கலந்திருக்கும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முறையான பயிற்சியில் அது 0.6 புள்ளி அளவு இறங்குவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. அப்படி இறங்கியிருந்தால் அறிக்கையோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையைக் குறைப்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எண்கள் அசையவில்லையா? நோட்டைத் திறந்து, தொடர்ந்து இரண்டு நாள் விட்ட இடங்களை எண்ணுங்கள். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் வேகத்தையும் எடையையும் தொடாமல், 5ஆம் வாரத்துக்குத் திரும்பி அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.